எட்டு அஞ்சு பஸ்

என் அக்கா பையன் இந்த வருடம்தான் காலேஜில் சேர்ந்தான். இரண்டாவது வாரம், ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே, "மாமா, எங்க பஸ்ல ஒரு சீனியர் இருக்காரு, செம ஆளு. இன்னைக்கு எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு" என்றான். அக்காவுக்கு ஒரே சந்தோஷம், பிள்ளைக்கு அதற்குள் பெரிய பையன்கள் பழக்கம் ஆகிவிட்டதே என்று. நான் மட்டும், "எத்தனை மணி பஸ்?" என்று கேட்டேன். "ஒரு டீக்கு எதுக்குடா மூஞ்சி இப்படிப் போவுது?" என்றாள் அக்கா. அன்றைக்கு அவளுக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஒரு வேளைச் சோற்றுக்குள் சொல்லி முடிக்கிற கதையாக அது இல்லை.

நான் காலேஜ் போனது 2012ல். செங்குன்றத்திலிருந்து ஜிஎன்டி ரோடு வழியாகச் சென்னைக்குள் போகிற பஸ். ரூட் நம்பரையும் காலேஜ் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த நம்பரில் இன்றைக்குப் போகிற பிள்ளைகள் அதையும் ஒரு பெருமையாக எடுத்துக்கொள்வார்கள். சென்னைக்காரர்களுக்கு 'ரூட்டு தல' என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒவ்வொரு பஸ் ரூட்டிலும் ரயில் ரூட்டிலும் போகிற மாணவர்கள் ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்துக்கு ஒரு தலைவன், அவன்தான் தல. படியில் யார் தொங்குவது, கானா யார் எடுத்துக்கொடுப்பது, பஸ் டே (தாங்கள் போகிற பஸ்ஸுக்கு மாலை போட்டு மாணவர்கள் கொண்டாடுகிற நாள்) அன்றைக்கு மாலைக்கும் மேளத்துக்கும் பேனருக்கும் யாரிடம் எவ்வளவு வசூல் என்பதிலிருந்து, எந்தக் காலேஜ்காரனை எந்த ஸ்டாப்பில் மறிப்பது என்பது வரை அவன் சொல்வதுதான். மூன்றாம் வருடம் முடித்துப் போகும்போது அடுத்தவனுக்குப் பட்டம் கட்டிவிட்டுப் போவான். பஸ் டேவுக்கு உயர் நீதிமன்றம் எப்போதோ தடை போட்டாயிற்று. ஆனாலும் 2019 ஜூனில் பஸ் கூரைமேல் ஏறி ஆடிக்கொண்டு வந்தவர்கள், டிரைவர் பிரேக் போட்டதும் கொத்தாகச் சரிந்து ரோட்டில் விழுந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த மாதமே அரும்பாக்கத்தில் 29இ பஸ்ஸை மறித்து, பட்டப்பகலில், பட்டாக்கத்தியோடு மாணவர்களை மாணவர்களே துரத்தினார்கள். 2024 அக்டோபரில் திருத்தணியிலிருந்து ரயிலில் வந்து படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் சென்ட்ரல் பக்கத்தில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

ஒவ்வொரு தடவையும் டிவியில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: படிக்க வந்த பிள்ளைகளுக்கு எதுக்குக் கத்தி? உள்ளே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கத்திக்காக யாரும் போய்ச் சேருவதில்லை. சேருவது என்று ஒன்றே கிடையாது. நீ என்றைக்குச் சேர்ந்தாய் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தேதி சொல்லத் தெரியாது.

அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். செங்குன்றம் என்றாலே நெல்லும் அரிசியும்தானே. மில்லுக்குப் பின்னால்தான் வீடு. கொடியில் காயப்போட்ட துணியிலெல்லாம் தவிட்டுத் தூசி படியும், யூனிஃபார்ம் சட்டையை எத்தனை உதறினாலும் தோள்பட்டையில் ஒரு மஞ்சள் படலம் இருக்கும். ஸ்கூலில் என் பெயர் 'தவுடு'. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அதுதான் பெயர். வாத்தியார் ஒருத்தர்கூட ஒரு நாள் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார், கிளாஸே சிரித்தது, அவரும் சிரித்தார். காலேஜில் யாருக்கும் நம்மைத் தெரியாது, எல்லாம் புதுசாக ஆரம்பிக்கலாம் என்று போனால், அங்கே எனக்குப் பெயரே இல்லை. அட்டென்டன்ஸில் ஒரு நம்பர். வகுப்பில் எழுபது பேருக்கு மேல். நான் தமிழ் மீடியம், பாடம் இங்கிலீஷில். முதல் மாதம் முழுக்க நான் காலேஜுக்குள் பேசிய மொத்தப் பேச்சும் "எஸ் சார்" மட்டும்தான். வீட்டிலோ நான் முதல் பட்டதாரி, எல்லோருக்கும் பெருமை, ஆனால் இன்றைக்கு அங்கே என்ன நடந்தது என்று கேட்டுப் புரிந்துகொள்கிற ஆள் கிடையாது. அப்பா மில்லிலிருந்து வந்து குளித்துவிட்டுப் படுத்தால் காலையில்தான் எழுந்திருப்பார்.

எட்டு அஞ்சு பஸ்ஸில் பின் படிக்கட்டில் தினமும் அந்தக் கூட்டம் ஏறும். நான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பேன். மூன்றாவது வாரமோ என்னவோ, தல என்னைப் பார்த்து, "டேய், எங்கேர்ந்து ஏறுற? உங்க நைனா என்ன பண்றாரு?" என்றான். சொன்னேன். சிரிக்கப்போகிறார்கள் என்று காதெல்லாம் சூடாகிவிட்டது. அவனோ, "மூட்டைன்னா எத்தனை கிலோ?" என்று கேட்டான். எழுபத்தஞ்சு என்றேன். அவன் பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்து, "டேய், இவங்க நைனா எழுபத்தஞ்சு கிலோவ ஒத்த ஆளா முதுவுல ஏத்துறாருடா" என்றான். கேலியே இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "வா மில்லு, இங்க வா" என்று ஜன்னலோரம் இருந்த ஒருத்தனை எழுப்பிவிட்டு என்னை உட்காரவைத்தான்.

அவ்வளவுதான் நடந்தது. ஏழு வருடமாக நான் அவமானமாகச் சுமந்துகொண்டு திரிந்ததை, ஒருத்தன் அரை நிமிடத்தில் பட்டப்பெயராக்கி என் நெஞ்சில் குத்திவிட்டான். அதற்கப்புறம் காலேஜ் வாசலில் "டேய் மில்லு" என்று நாலு பேர் கூப்பிட்டார்கள். டீக்கடையில் என் காசு செல்லாது. ஒரு நாள் காய்ச்சலில் போகவில்லை, மறுநாள் ஒருத்தன், "நேத்து எங்கடா போன?" என்று சட்டையைப் பிடித்துக் கேட்டான். நான் வராததைக் கவனித்த ஆள் அந்தக் காலேஜிலேயே அவன் ஒருத்தன்தான்.

இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு என்று அப்போது தெரியாது. மொத்தமாகக் கேட்டால் எவனும் கொடுக்க மாட்டான், அதனால் தவணையில் கேட்பார்கள். முதலில் பாட்டுக்குத் தட்ட வேண்டும், பஸ் தகரத்தில், உள்ளங்கை சிவக்கச் சிவக்க. சரி. அப்புறம் படியில் தொங்க வேண்டும். அப்புறம் கண்டக்டர் பாஸ் கேட்டால் காட்டாமல் முறைக்க வேண்டும். (ஃப்ரீ பாஸ் சட்டைப்பையில்தான் இருக்கும். இருந்தும் காட்டாமல் இருப்பதுதான் கெத்து.) ஒவ்வொரு வேலையும் முந்தின வேலையைவிட ஒரு இஞ்ச்தான் பெரிசு, அதனால் எந்த இடத்திலும் நின்று யோசிக்கத் தோன்றாது, நேற்று செய்ததற்கும் இன்றைக்குச் செய்வதற்கும் பெரிய வித்தியாசமே தெரியாது.

ஒரு திங்கட்கிழமை, மூலக்கடை தாண்டியதும், எனக்குப் பெயர்கூடச் சரியாகத் தெரியாத சீனியர் ஒருத்தன் ஒரு காலேஜ் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். "மில்லு, இத வெச்சுக்கோ, எறங்கும்போது வாங்கிக்கறேன்." பையில் புத்தகம் இல்லை. பேப்பரில் சுற்றிய ஏதோ ஒன்று, நீளமாக, மூலைக்கு மூலை சாய்த்து வைத்திருந்தது. வியாசர்பாடி பக்கம் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது என் டிபன் பாக்ஸ் அதில் பட்டு 'டங்'கென்று சத்தம் வந்தது. அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம் இருக்கிற டிபன் பாக்ஸ். முன் சீட்டில் இருந்த ஆயா ஒன்று திரும்பிப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது, மடியைப் பார்த்தது, பேசாமல் திரும்பிக்கொண்டது. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வரவில்லை. இத்தனை பேர் இருக்கும்போது என் மடியில்தானே வைத்தான் என்றுதான் தோன்றியது. பன்னிரண்டு கிளாஸ் படித்ததில் ஒரு தடவைகூட யாரும் என்னை நம்பி எதையும் கொடுத்ததில்லை, சாக்பீஸ் எடுத்து வரக்கூட வேறு பையனைத்தான் அனுப்புவார்கள்.

போலீஸ் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டால் மாட்டுகிறவன் நான் என்பதால்தான் அந்தப் பை என் மடிக்கு வந்தது. இந்தக் கணக்கு எனக்கு உறைக்கப் பல மாதம் ஆனது. ஏரியா ரவுடிகள் பதினெட்டு நிரம்பாத பையன்களைத் தேடிப் பிடிப்பதும் இதே கணக்கில்தான், "ஒனக்கு ஒண்ணும் ஆவாது, கெல்லீஸோட போயிடும்" என்று கெல்லீஸில் இருக்கிற சிறுவர் கூர்நோக்கு இல்லத்தைக் காட்டித் தைரியம் சொல்லுவார்கள். 2015ல் வந்த சிறார் நீதிச் சட்டத்தில், பதினாறு முடிந்தவன் கொடுங்குற்றத்தில் மாட்டினால் பெரியவர்களைப் போலவே விசாரிக்க வழி இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

கல்லெறிந்தது அந்த வருடக் கடைசியில். சிக்னலில் எங்கள் பஸ்ஸும் வேறொரு ரூட் பஸ்ஸும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. யார் யாரை என்ன சொன்னார்கள் என்று தெரியாது, ஒரு சத்தம் கேட்டது, அடுத்த நிமிடம் எல்லோரும் ரோட்டில். ஓரத்தில் ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். நானும் எடுத்தேன், எறிந்தேன். எறியும்போது நான் எதிர் பஸ்ஸைப் பார்க்கவில்லை, நான் எறிந்ததை நம்ம ஆட்கள் பார்த்தார்களா என்று பக்கவாட்டில் பார்த்தேன். அது மட்டும் துல்லியமாக நினைவிருக்கிறது. ஜன்னல் கண்ணாடி உடைந்தது. உள்ளே ஒரு அம்மா, மடியில் கட்டைப்பை, கீரைக்கட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, முழங்கைக்குக் கீழே ரத்தம். அந்தக் கல் நான் எறிந்ததா, பக்கத்தில் நின்றவன் எறிந்ததா, இன்று வரை எனக்குத் தெரியாது.

மறுநாள் எங்களில் ஆறு பேரைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். அடி விழுந்தது. வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அப்பா மில்லிலிருந்து அப்படியே வந்தார், தலையெல்லாம் தவிடு, அரை நாள் கூலி போயிற்று. நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் பேசவில்லை. திட்டப்போகிறார், அடிக்கப்போகிறார் என்று நான் தயாராக இருந்தேன். "அந்தப் பொம்பளைக்குக் கை இப்ப எப்படி இருக்காம்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அதை விசாரிக்க வேண்டும் என்று எங்கள் ஆறு பேரில் ஒருத்தனுக்கும் தோன்றியிருக்கவில்லை. முதல் நாள் ராத்திரி முழுக்க நாங்கள் பேசியது வேறு: அவங்கதானே ஆரம்பிச்சாங்க, சின்னக் கீறல்தானே, போலீஸ் மட்டும் யோக்கியமா, நண்பனுக்காக நிக்கலன்னா என்ன மனுசன்.

அப்பா கேட்ட கேள்வியோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். திருந்தவில்லை. மறுநாள் எட்டு அஞ்சு பஸ்ஸில் ஏறினேன், மொத்தக் கூட்டமும் தட்டியது, என் பெயரைச் சேர்த்து ஒரு கானாவே கட்டிவிட்டார்கள். முதுகில் லத்தி பட்ட இடத்தைச் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லி ஆளாளுக்குப் பார்த்தார்கள். போலீஸ் அடித்த அடி எனக்குப் பதவி உயர்வாக வந்து சேர்ந்தது. 2019ல் அந்தப் பட்டாக்கத்திப் பையன்கள் "பாத்ரூமில் வழுக்கி விழுந்து" கையில் மாவுக்கட்டோடு நின்ற போட்டோவைப் பார்த்து ஊரே சிரித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் போட்டோ அவர்கள் கூட்டத்துக்குள் என்ன மதிப்புப் பெற்றிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பஸ் தினமும் புழல் ஜெயில் பக்கமாகத்தான் போகும். "மில்லு, நம்ம ஹாஸ்டல்டா" என்று காட்டுவார்கள், எல்லோரும் கும்பிடு போடுவார்கள். ஜெயிலைக் காட்டிப் பயமுறுத்தினால் பையன்கள் அடங்குவார்கள் என்று நினைக்கிறவர்கள் அந்தக் கும்பிட்டைப் பார்த்திருக்க வேண்டும். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் 1970களில் இதையே ஒரு திட்டமாகச் செய்தார்கள், பையன்களை ஜெயிலுக்குள் கூட்டிப்போய் ஆயுள் கைதிகளை விட்டுக் கத்தவைத்து மிரட்டுவது. பெரிய பெயர் வாங்கிய திட்டம். பிறகு கணக்கெடுத்துப் பார்த்தால், போய்வந்த பையன்கள் போகாதவர்களைவிட அதிகமாகத்தான் தப்பு செய்திருந்தார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஜெராக்ஸ் கடையில்.

இரண்டாம் வருடம் ஆரம்பத்தில், காலேஜுக்கு இரண்டு ஸ்டாப் முன்னால் இருந்த ஜெராக்ஸ் கடையில் ஹால்டிக்கெட் காப்பி எடுக்கப் போனேன். கடைக்கார அண்ணன் டோனர் மாற்றத் திணறிக்கொண்டிருந்தார், நான் மூடியைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, காலைல ஏழரைக்குக் கடை தொறக்கணும். ஒன்பதரை வரைக்கும் நின்னா போதும். மாசம் ரெண்டாயிரம். வர்றியா?" என்று கேட்டார். என் மார்க்கையும் கேட்கவில்லை, ஏரியாவையும் கேட்கவில்லை. வீட்டில் அப்போது ரெண்டாயிரம் பெரிய பணம். ஏழரைக்குக் கடையில் நிற்க வேண்டும் என்றால் ஆறரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

நான் வெளியே வந்த கதை இவ்வளவுதான். சபதம் எதுவும் எடுக்கவில்லை, தலயிடம் போய் இனிமேல் வரமாட்டேன் என்று வசனம் பேசவில்லை. பஸ் மாறியது. ஆறரை பஸ்ஸில் பூக்காரம்மாக்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ஷிஃப்ட் முடிந்து தூங்கி வழிகிறவர்கள். தட்டுவதற்கு ஆளில்லை. முதல் வாரம் வெறுமையாக இருந்தது, உள்ளங்கை தானாகத் தகரத்தைத் தேடியது. சாயங்காலமும் ஒரு மணி நேரம் கடையில் நிற்கச் சொன்னார், அதனால் திரும்பி வருகிற பஸ்ஸும் மாறியது. வழியில் பார்த்தால் "என்ன மில்லு, பெரிய ஆளாயிட்ட" என்பார்கள், "வேலடா" என்பேன், வேலைக்குப் போகிறவனை யாரும் துரோகி என்று சொல்வதில்லை. வேலைக்குப் போவது மரியாதையான காரணம். தம்பிமார்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: விலகுவதற்கு அறிவிப்பு தேவையில்லை, காரணம்தான் தேவை, அதுவும் எல்லோருக்கும் புரிகிற காரணமாக இருக்க வேண்டும்.

சைக்காலஜி படிக்கிற அக்காக்களும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி) படிக்கிறவர்களும் கத்தை கத்தையாக மெட்டீரியல் கொண்டுவந்து காப்பி கேட்பார்கள். பக்கத்தை அடுக்கி ஸ்பைரல் போடும்போது ஒரு வரி கண்ணில் படும், அப்புறம் அடுத்த வரி. இங்கிலீஷ் தடுமாறும்தான், ஆனால் நம்மைப் பற்றி எழுதியிருந்தால் எந்த பாஷையும் புரிந்துவிடுகிறது. முதலில் கண்ணில் பட்டது, நாங்கள் அன்றைக்கு ராத்திரி பேசிய பேச்சு. 1957ல் சைக்ஸ், மாட்ஸா என்று இரண்டு பேர், தப்பு செய்கிற பையன்கள் மனசாட்சியைச் சமாதானப்படுத்துகிற வழிகளை ஐந்தாகப் பிரித்து எழுதியிருந்தார்கள். என் பொறுப்பில்லை, பெரிசா ஒண்ணும் ஆகலை, அவனுக்கு வேணும், கேட்கிறவன் மட்டும் யோக்கியமா, எல்லாம் நட்புக்காக. ஐந்தையும் நாங்கள் ஒரே ராத்திரியில் பேசி முடித்திருந்தோம். எனக்குக் கூச்சமாகிவிட்டது, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து எழுதியெடுத்த மாதிரி.

இன்னொரு நாள், பிரிஸ்டலில் 1970 வாக்கில் தாஜ்ஃபெல் என்கிறவர் ஸ்கூல் பையன்களை வைத்துச் செய்த சோதனை. திரையில் எத்தனை புள்ளி என்று ஊகிக்கச் சொல்லிவிட்டு, அதை வைத்துப் பிரிக்கிறோம் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லி இரண்டு கட்சியாக்கினார். அப்புறம் காசு பங்கிடச் சொன்னார். தன் கட்சிக்காரன் யாரென்றே தெரியாமல் அவனுக்கு அதிகம் கொடுத்தார்கள். அது மட்டுமில்லை, தன் கட்சிக்கு வருவது குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க் கட்சியைவிட வித்தியாசம் பெரிதாக இருக்க வேண்டும் என்று பங்கிட்டார்கள். எங்களுக்குப் புள்ளிக்குப் பதில் பஸ் நெற்றியில் எழுதிய நம்பர். அந்த நம்பரைப் போக்குவரத்துக் கழகம் மாற்றிவிட்டால் நாங்கள் யார்? ஆனால் ஒன்று, நம் ஊரில் நம்பர் வெறும் நம்பராக நிற்பதில்லை. ரூட் என்றால் ஏரியா, ஏரியா என்றால் பல இடங்களில் சாதியும் சேர்ந்துகொள்கிறது. தென் மாவட்டங்களில் ஸ்கூல் பையன்கள் கையில் கட்டுகிற கயிற்றின் நிறமே போதும். 2023ல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டியதற்கப்புறம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறையும் நிறுத்தச் சொன்னார்.

நான் கல்லெறிந்தபோது பக்கவாட்டில் பார்த்தேனே, அதற்கும் விளக்கம் கிடைத்தது. 2005ல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு பேர் வீடியோ கேமில் கார் ஓட்டவைத்தார்கள். தனியாக ஓட்டும்போது சின்னப் பையனும் பெரியவரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓட்டினார்கள். பக்கத்தில் இரண்டு நண்பர்களை நிற்கவைத்ததும், சின்ன வயசுக்காரர்கள் மஞ்சள் விளக்கில் பாய ஆரம்பித்தார்கள். பெரியவர்களுக்கு நண்பன் நின்றாலும் ஒன்றுதான், நிற்காவிட்டாலும் ஒன்றுதான். அதனால் "எம்புள்ள தனியா இருந்தா தங்கம் சார்" என்று ஸ்டேஷன் வாசலில் அழுகிற அம்மா பொய் சொல்வதில்லை. தனியாக இருந்தால் அவன் தங்கம்தான்.

எல்லாவற்றையும்விட எனக்கு உபயோகமாக இருந்தது அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்கிற ஊரில் 1988லிருந்து பல வருடம் ஒரே பிள்ளைகளைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு. கும்பலில் இருந்த காலத்தில்தான் ஒருவனுடைய அடிதடி ஏறுகிறது, அதற்கு முன்னாலும் குறைவு, வெளியே வந்தபிறகும் குறைவு. பெரும்பாலான பையன்கள் ஒரு வருடம், அதற்கும் குறைவாகத்தான் உள்ளே இருக்கிறார்கள். இதைப் படித்தபோது ஸ்டேப்ளரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒரு வருடம் ஒரு மாதம்.

ஆனால் அந்த ஒரு வருடத்துக்குள் கேஸ் விழுந்தால் வாழ்க்கை பூரா கூட வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கூட்டத்தில் நன்றாக ஓடுகிறவன் ஒருத்தன் இருந்தான், ஒல்லி, கால் மட்டும் குதிரை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்து, ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் தேறினான். சரிபார்ப்பில் பழைய கேஸ் வந்து நின்றது. கோர்ட்டில் விடுதலை ஆகிவிட்டது சார் என்றான். சந்தேகத்தின் பலனை அளித்தோ, சாட்சி பிறழ்ந்தோ விடுதலையானால், போலீஸ் வேலைக்கான விதியில் அவன் கேஸில் சம்பந்தப்பட்டவன் என்றுதான் கணக்கு. அத்தோடு போயிற்று. அன்றைக்கு அவன் ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை, சும்மா கூட நின்றான். "நான் சும்மாதான் நின்னேன்" என்பதும் செல்லாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமான ஒரே நோக்கத்தோடு கூடினால் ஒருத்தன் செய்தது எல்லோருக்கும் சேரும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 149, இப்போது அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 190. நன்னடத்தைக்கு எழுதி வாங்குகிற குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவுகள் 107, 110 எல்லாம் இப்போது புதுச் சட்டத்தில் 126, 129 ஆகிவிட்டன, எண்தான் மாறியிருக்கிறது. எழுதிக் கொடுத்த காலத்துக்குள் மறுபடி சிக்கினால் ஜெயில்.

இன்னொன்று. நான் சுலபமாக வந்துவிட்டேன் என்பதை வைத்து எல்லோரும் இப்படி வரலாம் என்று நினைக்க வேண்டாம். பஸ் டே அன்றைக்குக் காலேஜுக்குச் சம்பந்தமே இல்லாத முப்பது, முப்பத்தைந்து வயசு அண்ணன்கள் இரண்டு மூன்று பேர் டீக்கடை ஓரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். யார் முதலில் குதிக்கிறான், யார் அடி வாங்கியும் வாய் திறக்கவில்லை என்று பார்த்துவைத்துக்கொண்டு போவார்கள். எங்களில் இரண்டு பேர் அந்த வழியில் போனார்கள். அங்கே கஞ்சா, பணம், பழி எல்லாம் சேர்ந்துவிடுகிறது, நேரம் மாற்றினால் போதாது, ஊரையே மாற்ற வேண்டியிருக்கும், தெரிந்த வக்கீலோ நம்பிக்கையான பெரியவரோ கூட நிற்க வேண்டும். அதில் ஒருத்தன் இப்போது உயிரோடு இல்லை.

அக்காவுக்கு இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துச் சொன்னேன். பையைச் சோதனை போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், பையில் தெரிகிற காலத்துக்குள் காரியம் முடிந்திருக்கும் என்றேன். அதற்கு முன்னாலேயே சில விஷயம் தெரியும். வீட்டில் யாரும் வைக்காத பெயரில் போன் வரும். எட்டரைக்கு ஒரு பஸ், எட்டு இருபதுக்கு ஒரு பஸ் இருக்கும்போது எட்டு அஞ்சையே பிடிக்க ஓடுவான். ஐம்பது, நூறு என்று 'கலெக்‌ஷன்' கேட்பான். வாத்தியார் பெயர் ஒன்றுகூடத் தெரியாது, ஆனால் சீனியர் பெயர் பத்து தெரியும். இதைக் கண்டுபிடித்ததும், "அந்தப் பசங்ககூடச் சேராத" என்று சொல்வதுதான் எல்லோரும் செய்கிற வேலை. சொன்னால் அவன் கேட்க மாட்டான், நான் கேட்கவில்லை. அந்தப் பசங்கதான் அவனை மனுசனாக மதித்த முதல் ஆட்கள், அவர்களைத் திட்டினால் அவனையே திட்டுகிற மாதிரி. தெருவில் நாலு பேர் எதிரே அடிப்பது அதைவிட மோசம், அடிக்கு எங்கே பட்டம் கொடுப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவன் நேரத்தில் கை வைக்க வேண்டும். காலை ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். கேரம் கிளப், ஃபுட்பால், டைப்பிங் கிளாஸ், கடை வேலை, எதுவாக இருந்தாலும் சரி, ஆனால் அங்கே ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அவருக்கு இவன் பெயர் தெரிய வேண்டும், இவன் ஒரு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். கேட்காத இடமாக இருந்தால் பணம் கட்டிச் சேர்த்தும் பிரயோஜனமில்லை. தொல்லை கொடுக்கிற பையன்களை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரே ரூமில் கவுன்சலிங் வைப்பார்கள், அங்கேயும் விட வேண்டாம். எங்களுக்கு ஒரு தடவை வைத்தார்கள், வேறு ரூட் பையன்கள் மூன்று பேர் நம்பர் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

வாத்தியார்களுக்கும் ஒன்று சொல்லலாம், கேட்கிறவர்கள் கேட்கட்டும். முதல் மாதத்தில், எழுபது பேர் பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள். ரூட்டு தல மூன்று வாரத்தில் தெரிந்துகொள்கிறான்.

பையன் இப்போது ஏழு பத்து பஸ்ஸில் போகிறான். காலேஜ் பக்கத்திலேயே ஒரு கிரவுண்டில் கபடி. முதலில் முறுக்கிக்கொண்டான், இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. கோச் அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று கேட்டேன், அவன் அப்பா பெயரைச் சேர்த்துக் கூப்பிடுகிறாராம். நிலைக்குமா என்று தெரியவில்லை, மழைக்காலம் வந்தால் கிரவுண்டில் தண்ணீர் நிற்கும், அப்போது பார்க்க வேண்டும்.

போன மாதம் மாதவரம் ரவுண்டானா பக்கம் பைக்கில் நின்றுகொண்டிருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி முகம் துடைக்கும்போது பின்னாலிருந்து ஒரு ஆட்டோ, ஹாரன், அப்புறம் குரல்: "டேய் மில்லு!" யாரென்று பார்ப்பதற்கு முன்னாலேயே என் முகம் சிரித்துவிட்டது.